அடுத்த வீட்டுக்குப் போகும் பூனை: நஷ்டத்துக்கு யார் பொறுப்பு?





மனைத் தகராறு, வாய்க்கால் தகராறு, வண்டி நிறுத்தும் தகராறு எல்லாவற்றையும் ஊரில் உட்கார்ந்து பேசித் தீர்க்கிறோம். பூனையால் வரும் தகராறை மட்டும் யாரும் வெளியே கொண்டுவருவதில்லை. "இதைப் போய் ஜமாஅத்தில் சொல்வதா?" என்ற கூச்சம். அதனால் அது மனசுக்குள்ளேயே கிடந்து புளிக்கிறது. முதலில் சாடைப் பேச்சு, பிறகு வாசலில் சத்தம், அதன் பிறகு பேச்சே நின்றுவிடுகிறது. பெருநாளன்றுகூட ஸலாம் சொல்லிக்கொள்ளாத இரண்டு வீடுகளின் கதையைக் கிளறினால், அடியில் ஒரு புறாவோ நாலு கோழிக்குஞ்சோ கிடக்கும்.

கிருமாம்பாக்கத்திலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. ஒரு வீட்டுக் கொல்லையில் நாட்டுக்கோழி, அடுத்த வீட்டு மாடியில் பையன் ஆசையாக வளர்க்கும் புறா, எதிர் வீட்டு முற்றத்தில் காயும் கருவாடு, வாசலில் மோட்டார் சைக்கிள். நமக்கு இவை தனித்தனி வீடுகள். பூனைக்கு எல்லாம் ஒரே வீடு. ஒரு வீட்டில் பால் குடிக்கும், இன்னொரு வீட்டில் குஞ்சு பிடிக்கும், மூன்றாவது வீட்டு வண்டி சீட்டில் நகம் தீட்டும், நான்காவது வீட்டுப் பரணில் குட்டி போடும்.

பூனை வளர்ப்பவர் சொல்வார்: "வாயில்லாத ஜீவன், அதுக்கு என்ன தெரியும்? நபியவர்களே பூனையிடம் இரக்கம் காட்டச் சொல்லியிருக்காங்களே." இழந்தவர் சொல்வார்: "வளர்க்கிறவங்கதானே பார்த்துக்கணும்? என் கோழிக்கு யார் பதில் சொல்றது?" இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. எந்த நியாயம் எதுவரை செல்லும் என்பதை மார்க்கமும் நாட்டுச் சட்டமும் எப்படிப் பார்க்கின்றன என்பதை இங்கே விளக்குகிறோம்.

சுற்றி வரும் பிராணி

பூனையைப் பற்றிய நபிமொழிகளில் ஒன்று நம் வீட்டுச் சூழலுக்கு மிக நெருக்கமானது. அபூகதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்வதற்காக அவர்களுடைய மருமகள் கப்ஷா தண்ணீர் ஊற்றினார். அப்போது ஒரு பூனை வந்தது. அது குடிப்பதற்கு வசதியாக அபூகதாதா (ரலி) பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியப்போடு பார்ப்பதைக் கண்டு, பூனை அசுத்தமானது அல்ல, உங்களைச் சுற்றி வரும் பிராணிகளில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை எடுத்துச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதி, நஸாயீ, இப்னுமாஜா, முவத்தா ஆகிய நூல்களில் இது பதிவாகியிருக்கிறது.

சுற்றி வருவதுதான் பூனையின் இயல்பு. ஆட்டைக் கட்டிப்போடலாம், கோழியைப் பஞ்சாரத்தில் அடைக்கலாம். பூனையை அப்படி வைத்துக்கொள்வது கடினம். குறிப்பாக, கருத்தடை செய்யாத கடுவன் பூனை இணை தேடி வெகுதூரம் அலையும், தன் எல்லையைக் காட்டக் கண்ட இடத்தில் சிறுநீர் பீச்சும். பெட்டைப் பூனை ஐந்தாறு மாத வயதிலேயே சினைப்பட்டுவிடும், ஒன்பது வாரத்தில் குட்டி போடும், குட்டிகளை வாயில் கவ்வி வீடு வீடாக மாற்றும். இதற்காகப் பூனையைக் குற்றவாளியாக்க முடியாது.

அதே சமயம், பூனை குற்றவாளி இல்லை என்பதால் நஷ்டத்துக்கு யாருமே பொறுப்பு இல்லை என்றும் ஆகிவிடாது.

வயலில் இறங்கிய ஆடுகள்

பிராணி செய்த சேதம் பற்றிய ஒரு வழக்கு திருக்குர்ஆனிலேயே இருக்கிறது. அல்அன்பியா அத்தியாயத்தின் 78, 79 வசனங்கள், ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் பிறர் விளைநிலத்தில் இறங்கி மேய்ந்த வழக்கில் தாவூத் (அலை), சுலைமான் (அலை) இருவரும் தீர்ப்புச் சொன்னதைக் கூறுகின்றன.

விரிவுரையாளர்கள் தரும் விளக்கம் இது. நஷ்டத்துக்கு ஈடாக ஆடுகளை நிலத்துக்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது தாவூத் (அலை) அவர்களின் தீர்ப்பு. சுலைமான் (அலை) வேறு ஒரு வழியைச் சொன்னார்கள். ஆடுகள் சிறிது காலம் நிலத்துக்காரரிடம் இருக்கட்டும். பாலையும் கம்பளியையும் அவர் அனுபவிக்கட்டும். அதுவரை ஆட்டுக்காரர் அந்த நிலத்தில் பாடுபட்டுப் பயிரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரட்டும். அதன் பிறகு அவரவர் பொருள் அவரவருக்கு.

ஆடு வாயில்லாத ஜீவன் என்று சொல்லி நிலத்துக்காரரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஆட்டுக்காரரை ஒரேயடியாக ஓட்டாண்டி ஆக்கவும் இல்லை. கெட்டுப்போனது சீராகவேண்டும், இருவரும் ஊரில் தொடர்ந்து வாழவேண்டும். பூனை வழக்கானாலும் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய அடிப்படை இதுதான்.

பகலில் யார், இரவில் யார்?

நபி (ஸல்) அவர்களின் காலத்திலும் இப்படி ஒன்று நடந்தது. பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒருவருடைய தோட்டத்தில் புகுந்து சேதம் செய்துவிட்டது. தோட்டத்தைப் பகலில் பாதுகாப்பது தோட்டக்காரர் கடமை, பிராணியை இரவில் பாதுகாப்பது பிராணிக்காரர் கடமை, இரவில் ஏற்படும் சேதத்துக்குப் பிராணிக்காரர் ஈடு தரவேண்டும் என்று நபியவர்கள் தீர்ப்பளித்ததாக அபூதாவூத், இப்னுமாஜா, முவத்தா ஆகிய நூல்களில் காண்கிறோம்.

இன்னொரு பக்கம், பிராணி தானாகச் செய்துவிடும் காயத்துக்கு ஈடு இல்லை என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் ஒரு ஹதீஸ் இருக்கிறது. பூனை வளர்ப்பவர்களில் சிலர் இதை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஃபிக்ஹ் அறிஞர்கள், வளர்ப்பவர் தரப்பில் கவனக்குறைவு இருந்ததா இல்லையா என்பதைத்தான் கேள்வியாக எடுத்துக்கொண்டார்கள்.

பூனைக்கென்றே ஒரு சட்டம்

ஃபிக்ஹ் நூல்களில் பூனைக்கென்றே தனியாகச் சட்டம் இருப்பது பலருக்குத் தெரியாது. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ், மறைவு ஹிஜ்ரி 676, கி.பி. 1277) தமது 'மின்ஹாஜ்' நூலில் இதைக் கூறுகிறார். ஒரு பூனை பறவையையோ உணவையோ நாசம் செய்கிறது. அது அப்படிச் செய்யக்கூடியது என்று முன்பே தெரிந்திருந்தால், பகலானாலும் இரவானாலும் உரியவர் ஈடு தரவேண்டும். அப்படி ஒரு பழக்கம் முன்பு அதனிடம் காணப்படவில்லை என்றால் ஈடு இல்லை. மத்ஹபில் இதுவே மிகச் சரியான கருத்து என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா (ரஹ், மறைவு ஹிஜ்ரி 620, கி.பி. 1223) 'முக்னீ' நூலில் இதே முடிவைச் சொல்கிறார். பிறர் வீட்டுக் குஞ்சுகளைத் தின்னும் பூனையை ஒருவர் வைத்துக்கொண்டிருந்தால், கடிநாய் வைத்திருப்பவரைப் போலவே அவரும் பொறுப்பாளி. அந்தப் பழக்கம் இல்லாத பூனை என்றால் பொறுப்பு இல்லை.

ஹனஃபி மத்ஹபின் அடிப்படையில் உஸ்மானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' சட்டநூலின் 929ஆவது பிரிவும் இதற்கு நெருக்கமானது. பிராணி தானாகச் செய்யும் சேதத்துக்குப் பொதுவாக ஈடு இல்லை. ஆனால் அது பிறர் பொருளை நாசம் செய்வதைக் கண்டும் தடுக்காமல் இருந்தால் ஈடு உண்டு. முட்டும் மாடு, கடிக்கும் நாய் போன்றவற்றைக் கட்டி வையுங்கள் என்று தெருக்காரர்களில் ஒருவர் எச்சரித்த பிறகும் அவிழ்த்துவிட்டிருந்தால் ஈடு உண்டு.

ஆக, இந்த மூன்று நூல்களும் 'பூனை யாருடையது?' என்ற கேள்வியோடு நின்றுவிடவில்லை. அதன் பழக்கம் உரியவருக்குத் தெரிந்ததா, தெரிந்த பிறகு அவர் என்ன செய்தார் என்றும் கேட்கின்றன. முதல் தடவை நடந்தது விபத்து. இரண்டாவது தடவை, தெரிந்தும் தடுக்காமல் விட்டது. இந்த ஒரு வேறுபாட்டை மனதில் பதித்துக்கொண்டால் பூனைத் தகராறுகளில் பெரும்பகுதி வாசலிலேயே முடிந்துவிடும்.

நாம் இங்கே தருவது பொதுவான விளக்கம், ஃபத்வா அல்ல. உங்கள் விஷயத்துக்குரிய தீர்ப்பை உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"நாங்க வளர்க்கல, சோறு மட்டும்தான் வைக்கிறோம்"

நம் தெருக்களில் அதிகம் கேட்கும் பதில் இது. பூனை தினமும் அந்த வீட்டில்தான் சாப்பிடுகிறது, அந்த வீட்டுத் திண்ணையில்தான் தூங்குகிறது, பேர் வைத்துக் கூப்பிட்டால் ஓடிவருகிறது. நஷ்டம் என்றதும் அது தெருப்பூனை ஆகிவிடுகிறது.

ஷாஃபிஈ விரிவுரை நூல்கள் இந்த இடத்தில் 'விலை கொடுத்து வாங்கியவர்' என்று மட்டும் பார்க்கவில்லை. அதற்குத் தங்க இடம் கொடுத்து வைத்திருப்பவரையும் பொறுப்பாளியாகவே பார்க்கின்றன. போகிற போக்கில் ஒரு பிடிச் சோறு வைப்பவர் வேறு, தினமும் அடைக்கலம் கொடுப்பவர் வேறு. பசித்த ஜீவனுக்குச் சோறு வைப்பது நன்மையான காரியம், அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் அடைக்கலம் கொடுத்த வீடு, அதன் பழக்கம் தெரிந்த பிறகு அதற்குரிய பொறுப்பையும் ஏற்கவேண்டும்.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்தில் நம் தெருக்கதை போலவே ஒரு வழக்கு 1926இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. ஒருவருடைய பூனை பக்கத்து வீட்டுக்குப் போய் 13 புறாக்களையும் 2 சிறு கோழிகளையும் கொன்றுவிட்டது. பறவைகளைப் பிடிப்பது பூனைகளின் பொதுவான இயல்பு, எனவே உரியவர் பொறுப்பல்ல என்று தீர்ப்பாயிற்று. பிரெஞ்சுச் சட்டம் இதற்கு நேர்மாறு. 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு சிவில் சட்டத் தொகுப்பில் 1385ஆவது பிரிவாக இருந்த விதி (இன்று அங்கே அது 1243ஆவது பிரிவு), பிராணி தன் வசம் இருந்தாலும் தப்பி ஓடியிருந்தாலும் அது செய்த சேதத்துக்கு உரியவரே பொறுப்பு என்கிறது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் பாகூர்ப் பகுதிக்கும், ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த பக்கத்துக் கடலூருக்கும் நடுவில் இப்படிப்பட்ட இரண்டு சட்டமரபுகள் எதிரெதிராக நின்றிருக்கின்றன. ஒன்று உரியவருக்குப் பொறுப்பே இல்லை என்கிறது, மற்றது எப்போதும் உண்டு என்கிறது. நம் ஃபிக்ஹ் இரண்டுக்கும் நடுவில், 'தெரிந்த பிறகு உண்டு' என்று நிற்கிறது.

இன்று நம் நாட்டில் பூனை செய்யும் பொருள் சேதத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. அத்துமீறி மேயும் பிராணிகளைப் பட்டியில் அடைக்க வழிசெய்த 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் மாடு, ஆடு, பன்றி, கழுதை, யானை, ஒட்டகம் எல்லாம் உண்டு, பூனை இல்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு, பிராணியைக் கவனக்குறைவாக விடுவதற்கு ஆறு மாதம் வரை சிறையோ ரூ.5,000 வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. ஆனால் அது மனித உயிருக்கு ஆபத்து அல்லது கொடுங்காயம் ஏற்படும் நிலைக்கு உரியது, கோழி போனதற்கு உரியதல்ல. பொருள் நஷ்டத்துக்குச் சிவில் நீதிமன்றம் போய்க் கவனக்குறைவை நிரூபிக்கவேண்டும். நாலு குஞ்சுக்காக அந்த அலைச்சல் தேவையா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

போலீசுக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கர்நாடகத்தில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. பெங்களூருப் பகுதியில், காணாமல்போன தன் பூனையை அண்டை வீட்டுக்காரர் பிடித்து வைத்திருக்கிறார் என்று ஒரு பெண் புகார் கொடுத்தார். அது மிரட்டல், பெண்ணை அவமதித்தல் போன்ற பிரிவுகளில் குற்றப்பத்திரிகை வரை வளர்ந்தது. பூனைகள் ஜன்னல் வழியாக வீட்டுக்கு வீடு வந்துபோவது சகஜம்தானே என்று எதிர்த்தரப்பில் வாதிட்டார்கள். 2024 ஜூலையில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த நடவடிக்கைக்குத் தடை விதித்தது. இம்மாதிரி அற்ப வழக்குகளை அனுமதித்தால் குற்றவியல் நீதித்துறையே அடைபட்டுவிடும் என்ற கருத்தையும் தெரிவித்தது. ஒரு பூனைக்காக இரண்டு குடும்பங்கள் உயர் நீதிமன்றப் படி ஏறவேண்டி வந்தது.

பூனை வளர்க்கும் வீட்டார் கவனத்துக்கு

1. இரவில் வீட்டுக்குள் வையுங்கள். மஃரிபுக்குப் பிறகு நேரம் தவறாமல் சோறு வைத்துப் பழக்கினால் பூனை அந்த நேரத்துக்குத் தானே வந்துவிடும். பிறகு கதவைச் சாத்திவிடலாம். வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும், ஆனாலும் இரவுச் சேதம் நிற்கும்.

2. கருத்தடை செய்யுங்கள். அலைச்சல், சண்டை, சிறுநீர் பீச்சுதல் எல்லாம் பெரும்பாலும் இதனால் குறையும். பக்கத்து வீட்டுப் பரணில் குட்டி போடும் பிரச்சினையும் தீரும். அரசு கால்நடை மருத்துவமனையிலோ குரும்பாப்பட்டில் உள்ள ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ விசாரியுங்கள். பிராணிகளுக்குக் கருத்தடை செய்வது பற்றி மார்க்கச் சட்டத்தில் தயக்கம் உள்ளவர்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

3. வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். மூன்று மாத வயதில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர் ஊசி. அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையை நகம் கீறிய அன்று அந்த அட்டைதான் இரண்டு வீட்டுக்கும் நிம்மதி தரும்.

4. மலம் கழிக்க மணல் தட்டு வையுங்கள். இல்லையென்றால் அடுத்த வீட்டுக் கீரைப்பாத்திதான் அதற்கு இடமாகும். பூனை மலத்தால் பரவும் ஒரு தொற்று வயிற்றில் இருக்கும் சிசுவைப் பாதிக்கக்கூடியது. கர்ப்பிணிகள் அந்த மணலைத் தொடக்கூடாது.

5. யாராவது வந்து முறையிட்டால் வாதாடாதீர்கள். "சொன்னதுக்கு ரொம்ப நன்றிக்கா, இனிமே பார்த்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டு அன்றே ஏதாவது ஒரு தடுப்பைச் செய்யுங்கள். அந்த நிமிடம் முதல் உங்கள் பொறுப்பு தொடங்கிவிட்டது.

நஷ்டப்பட்டவர்கள் கவனத்துக்கு

முதலில் உறுதி செய்யுங்கள். கோழியைக் கொண்டுபோவது பூனை மட்டுமல்ல. கீரி, மரநாய், தெருநாய், பருந்து, வல்லூறு எல்லாம் நம் பகுதியில் உண்டு. பூனை பெரும்பாலும் குஞ்சையும் புறாவையும்தான் குறிவைக்கும், பெரிய சேவல் மீது பாய்வது அரிது. இறகு கிடக்கிறது என்பதற்காக ஒரு வீட்டைக் குறைசொல்ல முடியாது. உரிமை கோருபவர்தான் சான்று காட்டவேண்டும் என்பது மார்க்கத்தின் பொதுவிதி. கண்ணால் பார்த்திருக்கவேண்டும், அல்லது கேமராப் பதிவு இருக்கவேண்டும்.

அடுத்து, சொல்லுங்கள். தெருவில் நின்று சத்தமாகச் சொல்லாமல் அவர்கள் வீட்டுக்குப் போய், ஸலாம் சொல்லி, தனியாகச் சொல்லுங்கள். "பாய், உங்க பூனை நேத்து ராத்திரி எங்க குஞ்சுக்கூட்டுல வந்துடுச்சு. ரெண்டு குஞ்சு போயிடுச்சு. காசுக்காகச் சொல்ல வரல. இனிமே ராத்திரியில கொஞ்சம் உள்ளே வெச்சுக்குங்க." இப்படி ஒரு தடவை சொன்னால் போதும். ஆறு மாதம் மனசுக்குள் வைத்திருந்து ஏழாவது மாதம் வெடிப்பதில் யாருக்கும் லாபம் இல்லை. சொல்லாத வரையில் அவருக்குத் தெரியாது. தெரியாத வரையில் நவவி இமாம் சொன்ன கணக்குப்படி அவர்மேல் ஈடும் இல்லை.

மூன்றாவது, உங்கள் பக்கத்தையும் பாதுகாத்துக்கொள்ளுங்கள். பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் கடமை என்ற நபிவழித் தீர்ப்பு இங்கே பொருந்தும். குஞ்சுக்கூட்டுக்கும் புறாக்கூட்டுக்கும் பூனையின் கால் நுழையாத சிறுகண் கம்பிவலை போடுங்கள். கருவாட்டைத் தரையில் பரப்பாமல் உயரத்தில் வலை மூடிக் காயவையுங்கள். வண்டி சீட்டுக்குக் கெட்டியான உறை போடுங்கள். கீரைப்பாத்தியில் முள் நிறைந்த கிளைகளைப் பரப்பினால் பூனை தோண்டாது. அந்துருண்டையைப் போட்டுவைக்காதீர்கள், அது பூனைக்கும் குழந்தைகளுக்கும் நஞ்சு.

ஈடு எவ்வளவு?

இருவரும் பேசி ஈடு கொடுப்பதென்று முடிவானால், போன பொருளுக்குச் சமமான பொருளைக் கொடுப்பது நல்லது. குஞ்சுக்குக் குஞ்சு, புறாவுக்கு அதே இனப் புறா. கிடைக்கவில்லை என்றால் அன்றைய சந்தை விலை. சின்னக் குஞ்சு போனதற்கு, அது வளர்ந்து இட்டிருக்கக்கூடிய முட்டைகளுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுவது நியாயமாகாது. சீட் உறையில் ஒரு கீறல் என்றால் ஒட்டுப்போடும் செலவுதான், புது சீட் அல்ல.

நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில் நடந்த ஒன்று இதற்கு வழிகாட்டி. மனைவியரில் ஒருவர் அனுப்பிய உணவுப் பாத்திரத்தை, ரோஷத்தில் இன்னொரு மனைவி தட்டிவிட்டு உடைத்துவிட்டார். நபியவர்கள் உடைந்த துண்டுகளையும் சிந்திய உணவையும் தாமே பொறுக்கி எடுத்தார்கள். உடைத்தவர் வீட்டிலிருந்த முழுப் பாத்திரத்தை, பாத்திரம் பறிபோனவருக்குக் கொடுத்தனுப்பினார்கள். கடிந்து பேசி அவமானப்படுத்தவில்லை, ஈட்டையும் விட்டுவிடவில்லை. புகாரியில் இச்செய்தி இருக்கிறது.

கொடுக்க வசதி இல்லாத வீடு என்றால் சுலைமான் (அலை) அவர்களின் தீர்ப்பு நினைவுக்கு வரவேண்டும். பணத்துக்குப் பதில் உழைப்பு. பூனை வீட்டுப் பையன் வந்து கூண்டுக்கு வலை அடித்துக் கொடுத்தால் அதுவும் ஈடுதான். இழந்தவர் மனமுவந்து மன்னித்துவிட்டால் அதன் கூலி அல்லாஹ்விடம். ஆனால் "மன்னிச்சுடுங்களேன்" என்று வற்புறுத்துவது பூனை வளர்ப்பவருக்கு அழகல்ல. நாட்டுக்கோழி வளர்த்து முட்டை விற்றுப் பிள்ளையின் நோட்டுப் புத்தகச் செலவைப் பார்க்கும் தாய்க்கு நாலு குஞ்சு சிறிய விஷயம் இல்லை.

விஷமும் சாக்குப்பையும்

பேச்சு முறிந்த இடத்தில்தான் இந்த இரண்டு கொடுமைகளும் நடக்கின்றன. சோற்றில் விஷம் வைப்பது ஒன்று. சாக்கில் கட்டிக் கொண்டுபோய் வேறு ஊரில் விட்டுவிடுவது மற்றொன்று.

பூனையைக் கட்டிப்போட்டு, தானும் உணவளிக்காமல், பூமியில் உள்ளதைத் தின்னவும் விடாமல் சாகடித்த ஒரு பெண் அதன் காரணமாக நரக வேதனைக்கு உள்ளானதாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). சேதம் செய்யும் பழக்கமுள்ள பூனையைக்கூட, அது சும்மா இருக்கும் நேரத்தில் கொல்லக்கூடாது என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் சரியான கருத்து. அதற்கு அறிஞர்கள் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: அதனிடமிருந்து நம் பொருளைப் பாதுகாத்துக்கொள்வது எளிது. பாயும்போது விரட்டலாம், தடுக்கலாம். விரட்டிப் போகக்கூடியதைக் கொல்வதற்கு வழி இல்லை.

நாட்டுச் சட்டமும் இதில் கடுமையானது. பிராணியைக் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பசியாலும் தாகத்தாலும் வாடும்படி பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். நாலு குஞ்சை இழந்தவர் பக்கம் இருந்த நியாயம், விஷம் வைத்த மறுநிமிடம் எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. வைத்த விஷத்தைப் பூனைதான் தின்னும் என்பதும் நிச்சயம் இல்லை. தவழும் குழந்தையும் தெருவில்தான் இருக்கிறது.

நகம் கீறினால்

பொருள் நஷ்டத்தை விடப் பெரியது இது. பூனை கடித்தாலோ கீறி ரத்தம் வந்தாலோ, சண்டைக்குப் போவதற்கு முன் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் வைக்கவேண்டாம். அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ போய், மருத்துவர் சொல்லும் வெறிநோய்த் தடுப்பூசிகளை ஒரு நாளும் தவறாமல் முடியுங்கள். பூனை வீட்டுக்காரர் உடன் போவதும், செலவை ஏற்பதும், தடுப்பூசி அட்டையைக் காட்டுவதும் கடமை என்றே கொள்ளவேண்டும். வீட்டுப் பூனைதானே என்று அலட்சியம் வேண்டாம். வெறிநோய் வந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம்.

அடுத்த வீட்டார் யாராக இருந்தாலும்

நம் பகுதியில் நம் அண்டை வீட்டார் பெரும்பாலும் பிற மதச் சகோதரர்கள். அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) திரும்பத் திரும்ப உபதேசித்ததில், அவரை வாரிசாகவே ஆக்கிவிடுவாரோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு இருந்தது. அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களின் வீட்டில் ஆடு அறுத்தபோது, பக்கத்து யூதர் வீட்டுக்குக் கொடுத்தீர்களா என்று கேட்டுவிட்டு இந்த நபிமொழியைத்தான் நினைவூட்டினார்கள். அந்தக் கடமையில் மதவேறுபாடு இல்லை என்பதை அவர்கள் அப்படி விளங்கியிருந்தார்கள்.

ஆகவே, நம் வீட்டுப் பூனை அவர்கள் வீட்டுக் கோழியைப் பிடித்தால், அவர்கள் கேட்டு வரும்வரை காத்திருக்காமல் நாமே போய்ச் சொல்லவேண்டும். "அக்கா, எங்க வீட்டுப் பூனைதான். இந்தாங்க ரெண்டு குஞ்சு." இந்த ஒரு வார்த்தை எத்தனையோ சொற்பொழிவுகளுக்குச் சமம். அவர்கள் பூனை நம் வீட்டில் சேதம் செய்தால் அதே பொறுமையோடு ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். சின்ன விஷயத்தை மதச்சாயம் பூசிப் பெரிதாக்குபவர்கள் எந்தப் பக்கமும் உண்டு. பேச்சில் மூன்றாம் ஆளை விடாதீர்கள், கைப்பேசிக் குழுக்களில் படம் போடாதீர்கள்.

பேசித் தீரவில்லை என்றால்

இரண்டு வீட்டாரும் ஒப்புக்கொள்ளும் ஒரு பெரியவரை நடுவில் வையுங்கள். பெண்கள் சம்பந்தப்பட்டிருந்தால் ஒரு பெண்மணியும் உடன் இருக்கட்டும். மூன்று கேள்விகள் போதும். சேதம் செய்தது இந்தப் பூனைதானா? இதற்கு முன் உரியவருக்குச் சொல்லப்பட்டதா? சொன்ன பிறகு இரு தரப்பும் என்ன தடுப்புச் செய்தார்கள்? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால் தீர்ப்பு தானாகத் தெரிந்துவிடும். முடிவை ஒரு தாளில் எழுதி ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் மேல் போகவேண்டியிருந்தால், வழக்குக்கு முன்பே பேசித் தீர்க்க லோக் அதாலத் இருக்கிறது. நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கே ஏற்படும் சமரசத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் இல்லை. பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் தந்திருக்கிறது. தேசியச் சட்ட உதவி எண் 15100.

ஆனால் பெரும்பாலான பூனைத் தகராறுகளுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டிய தேவை இல்லை. இழந்தவர் காலத்தோடு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வளர்ப்பவர் அந்த வார்த்தைக்கு மதிப்புக் கொடுத்து அன்றிரவே கதவைச் சாத்தவேண்டும். இந்த வாரம் இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். பூனை வளர்ப்பவர்கள் அக்கம்பக்கத்து வீட்டாரிடம், "எங்க பூனையால உங்களுக்கு ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். பூனையின் காரணமாக யாரோடாவது பேச்சு நின்றுபோயிருந்தால், ஜும்ஆ முடிந்து வரும்போது நீங்களே முந்திக்கொண்டு ஸலாம் சொல்லுங்கள், அவர் பிற மதத்தவர் என்றால் நலம் விசாரியுங்கள்.

நம் கையாலும் நாவாலும், நம் வீட்டு வளர்ப்புப் பிராணிகளாலும் அண்டை வீட்டாருக்குத் தீங்கு நேராமல் அல்லாஹ் நம்மைக் காப்பானாக. ஆமீன்.